ஆலங்கட்டி மழையும் வீடு, கடை இன்சூரன்ஸும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

தீ, திருட்டு, வெள்ளம் ஆகிய மூன்றுக்கும் அஞ்சித்தான் நம் வணிகர்களில் பெரும்பாலோர் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கிறார்கள். ஆலங்கட்டி மழை என்றால் சிறுவர்கள் வாசலில் இறங்கிக் கல் பொறுக்கும் வேடிக்கை என்பதே நம் பக்கத்து எண்ணம். அந்தக் கல் பத்து நிமிடம் விழுந்தால் ஒரு வீட்டின் கூரையும், கூரைக்குக் கீழே உள்ள சரக்கும் ஒருசேரப் போய்விடும் என்பதைச் சமீப ஆண்டுகளில் நம் நாட்டிலேயே பார்த்துவிட்டோம்.

2024 மே 5 அன்று மணிப்பூரில், இம்பால் பள்ளத்தாக்கில், பெரும் ஆலங்கட்டி மழை பெய்தது. 15,000-க்கும் அதிகமான வீடுகள் சேதமடைந்ததாக அம்மாநில அரசு கணக்குக் கூறியது. அதற்கு முன் 2022 டிசம்பர் 27 அன்று மேல் அசாமில் திப்ருகர், சராய்தேவ், சிவசாகர், தின்சுகியா மாவட்டங்களில் விழுந்த கற்களால் 4,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. இரண்டு இடங்களிலும் பெருவாரியான வீடுகளுக்குத் தகரக் கூரை. நம் ஊர்களில் வீட்டுக்குத் தளம் போட்டிருக்கலாம். ஆனால் குடோனுக்கும், கடையின் பின்கட்டுக்கும், மொட்டை மாடியில் இறக்கிய கொட்டகைக்கும் நாமும் போட்டிருப்பது அதே தகரமும் சிமெண்ட் ஷீட்டும்தான். எனவே இந்த விஷயம் நமக்கும் உரியதே.

எங்கே, எப்போது?

இந்தியாவில் ஆலங்கட்டி மழைக்குரிய காலம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. இமயமலை அடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள், மேற்கு வங்கம், மகாராஷ்டிரத்தின் விதர்பா, மராத்வாடா பகுதிகள், தெலுங்கானா ஆகியவை அடிக்கடி அடிபடும் இடங்கள். 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதர்பா, மராத்வாடாவில் நாள் கணக்கில் தொடர்ந்து பெய்த கல்மழை விவசாயத்தையே புரட்டிப் போட்டது. 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பகுதியில் 246 பேர் கல்மழையில் இறந்தார்கள். கல்மழையால் ஒரே நிகழ்வில் ஏற்பட்ட மிகப் பெரிய உயிரிழப்பாக உலக வானிலை அமைப்பு இதையே பதிவு செய்திருக்கிறது.

தமிழகத்தில் கடற்கரை ஊர்களுக்கு இது அரிது. உள்மாவட்டங்களில், குறிப்பாகக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியிலும், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளிலும் கோடை மழையோடு கல் விழுவது உண்டு. பெங்களூர், ஹைதராபாத் நகரங்களில் குடோனோ கிளையோ வைத்திருப்பவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கல் எப்படி உண்டாகிறது?

கோடை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று வேகமாக மேலே எழும்போது உயரமான இடிமேகம் உண்டாகிறது. மேகத்தின் மேற்பகுதியில் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போனாலும், அங்கே நீர்த்துளிகள் உறையாமல் திரவமாகவே மிதக்கும். இவை சிறு பனித்துகள் மீது பட்டதும் ஒட்டி உறைகின்றன. மேலெழும் காற்று எவ்வளவு வலுவாகத் தாங்கிப் பிடிக்கிறதோ அவ்வளவு நேரம் கல் மேகத்துக்குள்ளேயே இருந்து பருக்கும். காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் கீழே விழும். நம் தென்பகுதியில் உறைநிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், சிறு கற்கள் வரும் வழியிலேயே கரைந்து மழையாகிவிடுகின்றன. பெரிய கல்லே தரைக்கு வந்து சேரும்.

கல்லின் அளவைப் பொறுத்தே சேதம். 2.5 முதல் 4.5 சென்டிமீட்டர் வரையுள்ள கல் மணிக்குச் சுமார் 40 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் விழும். குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது. விழும் வேகமும் கூடுவதால் மோதும் விசையாற்றல் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. நெல்லிக்காய் அளவுக் கல் தகரத்தில் பள்ளம் விழச் செய்யும் என்றால், எலுமிச்சை அளவுக் கல் ஓட்டையே போட்டுவிடும். காற்றும் சேர்ந்து அடித்தால் கல் சாய்வாக வந்து ஜன்னல் கண்ணாடியையும் பெயர்ப் பலகையையும் நொறுக்கும்.

இன்னொரு குணம், கல்மழை குறுகிய பட்டையாகப் பெய்வது. ஒரு தெருவில் கூரை சல்லடையாகும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்கூட விழாது. இதனால்தான் பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது "உங்கள் இடத்தில் கல் விழுந்ததற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி எழுகிறது. இதை நினைவில் வையுங்கள்.

எது உடைகிறது?

முதலில் அடிவாங்குவது சிமெண்ட் ஷீட், பழைய மங்களூர் ஓடு, வெளிச்சத்துக்காக இடையே போடும் பைபர் ஷீட் ஆகியவை. அடுத்து வெயிலில் காய்ந்து இற்றுப்போன பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, சோலார் வாட்டர் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய், ஏ.சி.யின் வெளிப்பெட்டி. இப்போது வீட்டு மாடிகளில் சூரிய மின் தகடுகளும் பெருகிவிட்டன. தரச்சோதனையில் இவற்றின் மீது 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்ப்பது சர்வதேச முறை. அதைவிடப் பெரிய கல் விழுந்தால் உத்தரவாதம் இல்லை.

கூரையின் விலை சிறிது; கூரை உடைந்தபின் உள்ளே கொட்டும் மழையால் வரும் நஷ்டமே பெரிது. சீனி, பருப்பு, மாவு மூட்டைகள், ஜவுளி, நோட்டுப் புத்தகம், மின்சாதனங்கள் ஆகியவை ஒரு மணி நேர மழையில் விற்க லாயக்கற்றுப் போகும். சில ஆயிரம் ரூபாய் பெறும் ஷீட் உடைந்து, சில லட்சம் பெறும் சரக்கு நாசமாவது இப்படித்தான்.

அரசு நிவாரணம் போதுமா?

மத்திய அரசு பட்டியலிட்ட இயற்கைப் பேரிடர்களில் ஆலங்கட்டி மழையும் ஒன்று. ஆகவே மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து உதவி தர வழி உண்டு. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்த விதிகளின்படி, முழுதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமான உறுதியான வீட்டுக்கு 6,500 ரூபாய். கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய். கல்மழையில் வீடு முழுதாக இடிவது அபூர்வம், கூரைதான் போகும். எனவே கையில் கிடைப்பது இந்த 6,500 அல்லது 4,000 தான். கடைச் சரக்குக்கு இந்த விதிகளில் இனமே இல்லை. அரசு உதவியை நம்பி வியாபாரி இருக்க முடியாது.

வீட்டுக்கு என்ன பாலிசி?

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரியான மூன்று பாலிசிகளை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. வீட்டுக்குப் 'பாரத் கிருஹ ரக்ஷா'. ஓர் இடத்தில் உள்ள மொத்தச் சொத்து 5 கோடி ரூபாய் வரையிலான கடை, குடோன், சிறு தொழிலுக்குப் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. நம் வழக்கில் இவற்றை எல்லாம் 'ஃபயர் பாலிசி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயரைக் கேட்டு தீக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, வெளிப்பொருள் மோதுவதால் வரும் சேதம், கலவரம் ஆகியவையும் இதில் அடங்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாகனப் பாலிசியின் சொந்தச் சேதப் பிரிவில் 'ஆலங்கட்டி மழை' என்ற சொல்லே அச்சாகியிருக்கும். வீட்டுப் பாலிசிப் பட்டியலில் புயல், சூறாவளி, பெருங்காற்று, வெள்ளம் என்று வரிசையாக இருக்குமே தவிர, ஆலங்கட்டி என்ற தனிச்சொல் கிடையாது. புயல் மழையோடு விழும் கல்லைப் 'புயல்' என்ற இனத்திலும், கல் வந்து மோதுவதை 'வெளிப்பொருள் மோதுதல்' என்ற இனத்திலும் வைத்துக் கேட்கலாம். ஆனால் காற்றே இல்லாமல் கல் மட்டும் விழுந்த நாளில் வாதம் வர இடமுண்டு. ஆகவே பாலிசி எடுக்கும்போதே, ஆலங்கட்டியால் வரும் சேதத்துக்கும், அதனால் உடைந்த கூரை வழியே மழை இறங்கி ஏற்படும் சேதத்துக்கும் நஷ்டஈடு உண்டா என்று நிறுவனத்துக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னது பின்னால் செல்லாது.

வீட்டுப் பாலிசியில் காப்புத்தொகை என்பது வீட்டின் சந்தை விலை அன்று. மனையின் மதிப்பு இதில் சேராது. உட்பரப்பளவை அன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வருவதே தொகை. சூரியத் தகடு, நிலையான தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் ஆகியவையும் கட்டடம் என்ற இனத்தில் வருகின்றன. அவற்றின் செலவையும் தொகையில் சேர்க்க மறக்காதீர்கள். கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே பாதுகாப்பு உண்டு. சாமான்களின் மதிப்பு அதைவிடக் கூடுதல் என்றால் விவரம் கொடுத்துத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

கீழே கடை, மேலே வீடு

நம் கடைவீதிகளில் கீழே கடையும் மேலே குடும்பமும் இருப்பது வழக்கம். மாடி அறையில் நான்கு மூட்டை சரக்கை அடுக்கி வைப்பதும் வழக்கம். வீட்டுப் பாலிசி குடியிருப்புக்கு உரியது. அதில் வியாபாரச் சரக்கு சேராது. கடைப் பாலிசியில் மாடி அறை சரக்கு வைக்கும் இடமாகக் குறிக்கப்படவில்லை என்றால் அங்கும் சேராது. இரண்டு பாலிசி இருந்தும் நடுவே விழுந்த மூட்டைக்குப் பணம் இல்லை என்ற நிலை வரும். எந்தப் பகுதி குடியிருப்பு, எந்தப் பகுதி கடை, எங்கெங்கே சரக்கு இருக்கிறது என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குடோன் இருந்தால் எல்லா விலாசங்களையும் குறிப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே தொகை வைக்கும் வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

கடைப் பாலிசியில் கவனிக்க வேண்டிய ஐந்து

1. குறைத்துக் காட்டாதீர்கள். பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சரக்கின் மதிப்பைக் குறைத்துப் போடுவோர் உண்டு. 40 லட்சம் ரூபாய் சரக்கை 20 லட்சத்துக்குப் போட்டு, 4 லட்சம் நஷ்டமானால், பாதி மதிப்புக்கே பாலிசி என்ற கணக்கில் 2 லட்சம்தான் வரும். சூக்ஷ்ம உத்யம் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவு மன்னிக்கப்படுகிறது. அதாவது அதே சரக்கை 36 லட்சத்துக்குப் போட்டிருந்தால் குறைவு 10 சதவீதமே. இந்தக் கழிவு வராது. தீபாவளி, பொங்கல் சீசனில் இருப்பு எவ்வளவு ஏறும் என்பதை வைத்தே தொகையை முடிவு செய்ய வேண்டும்.

2. கூரையை மறைக்காதீர்கள். முன்பக்கம் தளம், பின்பக்கம் ஷீட் என்றால் அப்படியே எழுதுங்கள். பின்னால் சர்வேயர் வந்து பார்க்கும்போது விண்ணப்பத்தில் உள்ளதும் நேரில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும்.

3. பாங்க் எடுத்த பாலிசியைப் படியுங்கள். ஓவர்டிராப்ட் கணக்கு உள்ளவர்களுக்குப் பாங்க்கே பாலிசி எடுத்துவிடும். அது பல சமயம் கடன் தொகை அளவுக்கே இருக்கும். நஷ்டஈடும் முதலில் பாங்க்குக்கே போகும். நகலைக் கேட்டு வாங்கி விலாசம், தொகை, காலாவதி தேதி மூன்றையும் சரிபாருங்கள்.

4. ஜி.எஸ்.டி.யை மறக்காதீர்கள். நாசமான சரக்குக்கு முன்பு எடுத்த உள்ளீட்டு வரி வரவை, மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவின்படி திருப்ப வேண்டும். சரக்கு போனதோடு வரியும் நம் தலையில் விழுகிறது. காப்புத்தொகை வரியோடு சேர்த்தா, வரி நீங்கலாகவா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு முடிவு செய்யுங்கள். வரி வரவைத் திருப்பியதற்கான கணக்கையும் நஷ்டஈட்டு மனுவோடு காட்ட வேண்டியிருக்கும். காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்கு வரி வரவே இல்லை. அவர்களுக்கு வரியும் சேர்ந்ததே அடக்கவிலை.

5. பழைய முறைப் பாலிசி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. 50 கோடிக்கு மேற்பட்ட சொத்துக்கான ஃபயர் பாலிசியில், புயல் வெள்ளப் பிரிவை நீக்கிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படி நீக்கியிருந்தால் ஆலங்கட்டிக்குப் புயல் இனத்தில் ஒரு காசும் கேட்க முடியாது.

கல்மழை ஓய்ந்ததும்

கல் விழும்போது கூரைக்குக் கீழே சரக்கை நகர்த்தப் போய்த் தலையில் வாங்காதீர்கள். ஓய்ந்ததும் செய்ய வேண்டியவை:

முதலில் போட்டோ. கரையும் முன் கல்லை ஓர் அளவுகோலுக்கோ நாணயத்துக்கோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். உடைந்த கூரை, உள்ளே நனைந்த சரக்கு, தெருவில் மற்றவர்களுக்கு ஏற்பட்ட சேதம் எல்லாவற்றையும் எடுங்கள். கல் ஒரு மணி நேரத்தில் தண்ணீராகிவிடும். அந்தப் படம்தான் பின்னால் சாட்சி.

அடுத்து, படுதாவோ தார்ப்பாயோ போட்டு மழை மேலும் இறங்காமல் தடுங்கள். நஷ்டத்தைக் கூடவிடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரர் கடமை. நனைந்த மூட்டையை நனையாததிலிருந்து பிரித்து வையுங்கள். ஆனால் சர்வேயர் பார்க்கும் முன் உடைந்த ஷீட்டையோ கெட்ட சரக்கையோ அப்புறப்படுத்தாதீர்கள். சுகாதாரக் காரணத்தால் அகற்றியே தீர வேண்டும் என்றால் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, எடையும் எண்ணிக்கையும் குறித்துக்கொண்டு அகற்றுங்கள்.

அன்றைக்கே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். இருப்புப் பதிவேடு, கொள்முதல் பில்கள், ஜி.எஸ்.டி. கணக்குகள், கூரை போட்ட பில், பழுதுபார்க்கும் மதிப்பீடு ஆகியவற்றைத் திரட்டுங்கள். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரிடம் சேதச் சான்றும், வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய விவரமும், உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தியும் சேர்ந்தால் மனு வலுப்பெறும். ஒரே தெருவில் பத்துக் கடைகள் பாதிக்கப்பட்டால், சங்கத்தின் மூலம் ஒரே நாளில் அனைவருடைய சேதத்தையும் பட்டியலிட்டு வைப்பது எல்லோருக்கும் நல்லது.

மனு நிராகரிக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. தனிநபர் மட்டுமின்றி, தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில் நிறுவனங்களும் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் உள்ளது.

பிற நாடுகள் சொல்லும் பாடம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1999 ஏப்ரல் 14 மாலை விழுந்த கற்களில் பெரியவை 9 சென்டிமீட்டர். சுமார் 20,000 வீடுகள் சேதமாயின. காப்பீட்டு நிறுவனங்கள் 170 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவுக்கு நஷ்டம் ஏற்றன. பணம் கிடைத்தும் ஓடும் ஆளும் உடனே கிடைக்காமல் பல வீடுகள் மாதக்கணக்கில் தார்ப்பாயின் கீழ் கிடந்தன. அமெரிக்காவில் கல்மழை மிகுந்த மாநிலங்களில், வீட்டின் காப்புத்தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை பரவிவிட்டது. பழைய கூரைக்குத் தேய்மானம் கழித்தே பணம் தரும் பாலிசிகளும் வந்துவிட்டன. ஆகவே நம் பாலிசியிலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: முதல் தொகையில் எவ்வளவு என் கைப்பொறுப்பு? கூரைக்குப் புது விலையா, தேய்மானம் கழித்த விலையா?

கல்மழையை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் பிப்ரவரி மாதத்துக்கு முன் கூரை மீது ஏறி, விரிசல் விட்ட ஷீட்டை மாற்றலாம். விலை கூடிய சரக்கைத் தளம் போட்ட பகுதிக்கு நகர்த்தலாம். மற்றதைத் தரையிலிருந்து உயர்த்திப் படுதா போட்டு வைக்கலாம். பீரோவில் கிடக்கும் பாலிசியை எடுத்து விலாசம், தொகை, கூரை விவரம் மூன்றையும் இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கு ஆகும் நேரம் அரை நாள். வருடக் கணக்கு முடிக்கும் மும்முரத்தில் மார்ச் மாதம் வந்துவிடும். அதற்கு முன்பே இந்த அரை நாளை ஒதுக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.